தீவில் பிறந்த மருந்து

நுழையும்முன்

நம்முடன் பயிலும் ஒருவர் உணவுக்குமுன் ஊசியின் வழியாகவோ இடுப்பில் அணிந்த சிறு கருவியின் வழியாகவோ இன்சுலின் செலுத்திக்கொண்டு, மற்றவர்களைப் போலவே விளையாடுவதையும் தேர்வெழுதுவதையும் இன்று காண்கிறோம். 1921ஆம் ஆண்டுக்கு முன்னர் அத்தகைய மாணவர் ஒருவர் பதினொன்றாம் வகுப்பை எட்டுவதே அரிதாக இருந்தது. அந்நிலையை மாற்றிய முயற்சியின் தொடக்கப்புள்ளியாக விளங்கியவர் கனடா நாட்டு மருத்துவர் பிரெடெரிக் கிராண்ட் பேண்டிங். அவருடைய வாழ்க்கை இப்பாடமாக அமைகிறது.

பசியே மருந்தாக இருந்த காலம்

நாம் உண்ணும் சோறும் கிழங்கும் ரொட்டியும் செரித்துக் குளுக்கோசாக மாறிக் குருதியில் கலக்கின்றன. குருதியிலுள்ள அந்தச் சர்க்கரை உடலின் உயிரணுக்களுக்குள் சென்றால்தான் ஆற்றலாகும். செல்வதற்குக் கதவு திறந்துவிடுவது இன்சுலின் என்னும் ஹார்மோன். அது சுரக்காதபோது சர்க்கரை குருதியிலேயே தேங்கிச் சிறுநீருடன் வெளியேறுகிறது. வயிறார உண்டும் உடல் பட்டினி கிடக்கிறது. உடல் தன் கொழுப்பையும் தசையையும் எரித்து உருகுகிறது. சிறுநீர் இனிப்பதையும் அதனை எறும்புகள் மொய்ப்பதையும் பண்டைய இந்திய மருத்துவர்கள் அறிந்திருந்தனர். மதுமேகம் என்று அவர்கள் இட்ட பெயரிலேயே அந்த அறிவு பொதிந்துள்ளது.

நோயின் இருப்பிடம் எது என்பது மிகவும் பிற்காலத்தில்தான் தெளிவாயிற்று. 1869ஆம் ஆண்டு ஜெர்மனியில் பால் லாங்கர்ஹான்ஸ் என்னும் இளைஞர், கணையத்தை நுண்ணோக்கியில் ஆராய்ந்தபோது, கடலில் தீவுகள் கிடப்பதுபோல ஆங்காங்கே சிறுசிறு உயிரணுக் கூட்டங்கள் இருப்பதைக் கண்டார். அவை எதற்காக உள்ளன என்பதை அவர் அறியவில்லை. இருபது ஆண்டுகள் கழித்து, 1889இல், மின்கோவ்ஸ்கியும் வான் மேரிங்கும் ஸ்ட்ராஸ்பர்க் நகரில் ஒரு நாயின் கணையத்தை முற்றிலுமாக நீக்கினர். அந்நாய்க்கு நீரிழிவு உண்டாயிற்று. ஆகவே, கணையம் எதையோ சுரக்கிறது, அது இல்லாமையே நோய் என்பது உறுதிப்பட்டது. கணையத்தைப் பிழிந்து அந்தப் பொருளை எடுக்கப் பல நாட்டு அறிஞர்களும் முயன்றனர். எவருக்கும் அது நம்பத்தக்க மருந்தாகக் கைகூடவில்லை.

மருந்து இல்லாத அக்காலத்தில் மருத்துவர்கள் கண்ட ஒரே வழி உணவைக் குறைப்பது. அமெரிக்க மருத்துவர் பிரெடெரிக் ஆலன் இம்முறையை மிகக் கண்டிப்பாகப் பின்பற்றினார். வளரும் குழந்தைக்கு உயிர் தங்கும் அளவுக்கு மட்டுமே உணவு தரப்பட்டது. சர்க்கரை குறைந்தது, கூடவே குழந்தையும் தேய்ந்தது. அமெரிக்க அரசில் உயர்பதவி வகித்த சார்லஸ் இவான்ஸ் ஹியூஸ் என்பவரின் மகள் எலிசபெத், பதினோராம் வயதில் இந்நோய்க்கு ஆளானவள். பதினைந்து வயதை நெருங்கும்போது அவளுடைய எடை ஏறத்தாழ 20 கிலோகிராம். செல்வமும் செல்வாக்கும் நிறைந்த இல்லத்தில் பிறந்த பெண்ணுக்கும் பசியைத் தவிர வேறு மருந்து கிட்டவில்லை. நோயால் இறப்பதா, பட்டினியால் இறப்பதா என்ற இரண்டனுள் சற்றுக் காலம் தாழ்த்தும் ஒன்றைத் தேர்வதே அன்றைய மருத்துவமாக இருந்தது.

உழவர் மகன்

கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் அலிஸ்டன் என்னும் சிற்றூரை அடுத்த பண்ணை ஒன்றில் 1891ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 14ஆம் நாள் பேண்டிங் பிறந்தார். தந்தை வில்லியம் பேண்டிங், தாய் மார்கரெட் கிராண்ட். உடன்பிறந்தோருள் இவரே இளையவர். பண்ணை வேலையில் உரம்பெற்ற உடல், கூச்ச இயல்பு, பிடிவாதம் ஆகியவை இளமையிலேயே அவரிடம் அமைந்திருந்தன. படிப்பில் அவர் சிறந்து விளங்கினார் என்று சொல்வதற்கில்லை. எழுத்துப்பிழை அவரை வாழ்நாள் முழுவதும் விடவில்லை. மகன் சமயப் பணியாற்ற வேண்டும் என்பது பெற்றோரின் விருப்பம். 1910இல் டொரன்டோ பல்கலைக்கழகத்தின் விக்டோரியா கல்லூரியில் கலைப் பாடத்தில் சேர்ந்த அவர் முதலாண்டிலேயே தோல்வியுற்றார். பின்னர் 1912இல் மருத்துவப் படிப்பில் சேர்ந்தார்.

முதல் உலகப் போர் மூண்டமையால் அவருடைய வகுப்பின் படிப்புக்காலம் சுருக்கப்பட்டது. 1916 டிசம்பரில் பட்டம் பெற்ற அவர், இராணுவ மருத்துவப் பிரிவில் பணியேற்றார். 1918 செப்டம்பரில் பிரான்சு நாட்டின் காம்பிரே போர்முனையில் குண்டுச் சிதறல் ஒன்று அவருடைய கையில் பாய்ந்தது. தாம் காயமுற்ற பின்னரும் மணிக்கணக்கில் பிற வீரர்களின் காயங்களுக்கு அவர் மருத்துவம் பார்த்தார். அவ்வீரத்திற்காக இராணுவச் சிலுவை என்னும் விருது வழங்கப்பட்டது.

போர்முனையில் பெயர்பெற்றவருக்கு ஊர் திரும்பியபின் நிலையான வேலை கிடைக்கவில்லை. டொரன்டோ குழந்தைகள் மருத்துவமனையில் சிறிது காலம் அறுவை மருத்துவப் பயிற்சி பெற்றார். 1920 ஜூலையில் ஒன்டாரியோவிலுள்ள லண்டன் நகரில் (இது இங்கிலாந்தின் தலைநகரன்று, அதே பெயருடைய கனடா நகரம்) ஒரு வீட்டை வாங்கிப் பெயர்ப்பலகையை மாட்டிவிட்டுக் காத்திருந்தார். நோயாளிகள் வரவில்லை. அந்த முதல் மாதத்தில் அவர் ஈட்டியது நான்கு டாலர் மட்டுமே. செலவுக்கு ஈடுகட்ட, அந்நகரப் பல்கலைக்கழகத்தில் பகுதிநேரப் பயிற்றுநராகவும் பணியாற்றினார்.

இரவு இரண்டு மணிக் குறிப்பு

அந்தப் பகுதிநேர வேலைதான் அவருடைய வாழ்க்கையைத் திருப்பியது. 1920 அக்டோபர் இறுதியில், மாணவர்களுக்கு மாவுச்சத்தின் வளர்சிதை மாற்றம் பற்றிப் பாடம் நடத்த அவர் ஆயத்தம் செய்துகொண்டிருந்தார். அப்பொருளில் அவருக்குப் போதிய பயிற்சி இல்லை. உறங்கச் செல்லுமுன் ஒரு மருத்துவ இதழைப் புரட்டியபோது, மோசஸ் பாரன் என்பவரின் கட்டுரை கண்ணில் பட்டது. கணைய நாளத்தில் கல் அடைத்துக்கொண்ட ஒரு நோயாளியின் உடலில், செரிமானச் சாறு சுரக்கும் திசுக்கள் அழிந்துபோக, லாங்கர்ஹான்ஸ் தீவுகள் மட்டும் பெரும்பாலும் அழியாமல் இருந்தன என்று அக்கட்டுரை விளக்கியது.

உறக்கம் வரவில்லை. முன்னோர் முயற்சிகள் தோற்றதற்கு, கணையத்தின் செரிமானச் சாறே அந்த அரிய பொருளைச் சிதைத்துவிடுவது காரணமாக இருக்கலாம் என்று அவர் எண்ணினார். நாயின் கணைய நாளத்தை நூலால் கட்டிவிட்டால், சில வாரங்களில் செரிமானத் திசு அழியும், தீவுகள் எஞ்சும், எஞ்சியவற்றிலிருந்து சாறு எடுக்கலாம். இரவு இரண்டு மணியளவில் எழுந்து இக்கருத்தைச் சில வரிகளில் குறித்துவைத்தார். அக்குறிப்பில் நோயின் பெயரையே அவர் பிழையாக எழுதியிருந்தார்.

சில நாள்களில் டொரன்டோ சென்று, பல்கலைக்கழக உடலியங்கியல் பேராசிரியர் ஜான் மெக்லியாடைச் சந்தித்தார். மாவுச்சத்து வளர்சிதை மாற்றத்தில் உலக அளவில் மதிக்கப்பட்ட அறிஞர் அவர். ஆய்வு அனுபவமோ ஆய்வுப் பட்டமோ இல்லாத, அத்துறையின் முந்தைய ஆய்வுகளையும் முழுமையாக அறிந்திராத ஓர் இளம் அறுவை மருத்துவரின் பேச்சு அவருக்கு நம்பிக்கை ஊட்டவில்லை. இதற்காக மெக்லியாடைக் குறைகூறும் வழக்கம் நெடுங்காலம் இருந்தது. எனினும், ஐயுற்ற அப்பேராசிரியர்தான் இறுதியில் ஆய்வகத்தையும் பத்து நாய்களையும் ஓர் உதவியாளரையும் அளித்தார் என்பதையும் கருத வேண்டும். உதவியாளராகச் செல்லத் தகுதியுடைய மாணவர் இருவர் இருந்தனர். அவர்கள் நாணயத்தைச் சுண்டிப் பார்த்தனர். முதல் வாய்ப்பு சார்லஸ் பெஸ்ட் என்னும் 22 வயது இளைஞருக்குக் கிடைத்தது. பின்னர் அவரே தொடர்ந்து பணியாற்றினார். நாணயத்தின் மறுபக்கம் விழுந்திருப்பின் மருத்துவ வரலாறு இன்னொரு பெயரைச் சொல்லிக்கொண்டிருக்கும்.

கோடை வெயிலில்

1921 மே 17ஆம் நாள் ஆய்வு தொடங்கியது. ஜூன் திங்களில் மெக்லியாட் தம் தாயகமான ஸ்காட்லாந்துக்குச் சென்றார். மருத்துவக் கட்டடத்தின் மேல்தளத்தில், கடுங்கோடையில், பேண்டிங்கும் பெஸ்ட்டும் தனித்து உழைத்தனர். பேண்டிங்குக்கு ஊதியமில்லை. லண்டன் நகர மருத்துவத் தொழிலையும் வீட்டையும் அவர் கைவிட்டார். நாய்கள் பல நோய்த்தொற்றால் இறந்தன. கட்டிய நூல் நெகிழ்ந்துபோனதால் பலவற்றில் நாளக்கட்டே பயனற்றுப் போயிற்று.

ஜூலை 30ஆம் நாள், கணையம் நீக்கப்பட்ட நாய் ஒன்றின் உடலில் அவர்கள் எடுத்த சாறு செலுத்தப்பட்டது. 100 மில்லிலிட்டர் குருதியில் 200 மில்லிகிராமாக இருந்த சர்க்கரை ஒரு மணி நேரத்தில் 120 ஆகக் குறைந்தது. மறுநாள் காலை நாய் இறந்தது. எனினும், இறங்கிய அந்த எண் இறங்கியதுதான். ஆகஸ்டில் 92 என்ற எண்ணிட்ட நாய் இருபது நாள் வாழ்ந்தது. பேண்டிங்கைக் கண்டதும் ஓடிவந்து அன்பு காட்டிய நாய் அது. போர்முனையில் எத்தனையோ இறப்புகளைக் கண்டு கலங்காதவர், அந்நாய் இறந்தபோது தனியே சென்று கண்ணீர் விட்டார். மார்ஜரி எனப் பெயரிடப்பட்ட இன்னொரு நாய், கணையம் இன்றியே ஏறத்தாழ 70 நாள் உயிர்வாழ்ந்தது. இன்சுலினால் வாழும் ஒவ்வொரு மனிதரும் அந்த வாயில்லா உயிர்களுக்குக் கடன்பட்டவர்.

ஆய்வு முன்னேறியபோது வியப்பான ஒன்று நிகழ்ந்தது. பேண்டிங்கைத் துயிலெழுப்பிய அந்த மூலக் கருத்தே தேவையற்றதாயிற்று. நாளத்தைக் கட்டி ஏழு வாரம் காத்திருப்பதற்கு மாற்றாக, இறைச்சிக்கூடத்தில் கிடைத்த, பிறவாக் கன்றுகளின் கணையத்தை அவர்கள் பயன்படுத்தினர். பின்னர், முழுவளர்ச்சியடைந்த மாட்டின் கணையத்திலிருந்தே ஆல்கஹாலின் துணையால் சாற்றைப் பிரித்தெடுக்க இயலும் என்று கண்டனர். செரிமானச் சாற்றை அழிக்கும் தேவையே இல்லாமற் போயிற்று. குறிப்பேட்டில் எழுதப்பட்ட வழி தேவையற்றது. அவ்வழியே நடந்த பிடிவாதம் அவரை உரிய இடத்தில் கொண்டுசேர்த்தது.

இரண்டாம் ஊசி

சாற்றைத் தூய்மைப்படுத்தும் பணிக்காக, 1921 டிசம்பரில் ஜேம்ஸ் காலிப் என்னும் உயிர்வேதியியலாளர் குழுவில் இணைந்தார்.

டொரன்டோ பொது மருத்துவமனையில் அப்போது லியோனார்டு தாம்சன் என்னும் சிறுவன் இருந்தான். பதினான்காம் வயதில் இருந்த அவனுடைய எடை 29 கிலோகிராம். 1922 ஜனவரி 11ஆம் நாள் பேண்டிங்கும் பெஸ்ட்டும் தயாரித்த சாறு அவனுக்குச் செலுத்தப்பட்டது. சர்க்கரை சிறிதே குறைந்தது. ஊசி போட்ட இடம் வீங்கிச் சீழ்க்கட்டி தோன்றியது. மருத்துவர்கள் நிறுத்திவிட்டனர். முதல் மனிதரிடம் முதல் முயற்சி தோல்வி என்றுதான் சொல்ல வேண்டும்.

காலிப் இரவுபகலாக உழைத்தார். ஆல்கஹாலின் செறிவைப் படிப்படியாக உயர்த்தி, தேவையற்ற புரதங்களைப் பிரித்து, தூய பொருளை மட்டும் வீழ்படிவாக எடுக்கும் நுட்பத்தைக் கண்டார். ஜனவரி 23ஆம் நாள் அத்தூய சாறு அதே சிறுவனுக்குச் செலுத்தப்பட்டது. 520 மில்லிகிராமாக இருந்த சர்க்கரை ஒரே நாளில் 120 ஆக இறங்கியது. சிறுவன் தெளிவடைந்தான், வலுப்பெற்றான், 1935ஆம் ஆண்டு வரை வாழ்ந்தான்.

இவ்வெற்றியின் நடுவே ஆய்வகத்தில் பூசலும் மூண்டிருந்தது. தூய்மை செய்யும் முறையை வெளியிட மறுத்துத் தனியே உரிமை தேடுவதாகக் காலிப்மீது ஐயங்கொண்ட பேண்டிங், அவரைக் கைகலப்பாகத் தாக்கும் அளவுக்குச் சென்றார். பெஸ்ட் இடையில் புகுந்து விலக்கினார். அறிஞர் கூட்டமொன்றில் தாம் பேசத் தடுமாறியபோது இடைமறித்து விளக்கிய மெக்லியாடும் தம் புகழைக் கவர்வதாகவே பேண்டிங்குக்குத் தோன்றியது. அவர் ஐயங்களில் பல நியாயமற்றவை. தாம் அத்துறையில் குறைந்த பயிற்சியுடையவர் என்னும் உள்ளக் குறையே அவரை அவ்வாறு கொதிக்கச் செய்தது எனலாம்.

பேண்டிங்கும் பெஸ்ட்டும் தம் மருந்தை முதலில் ஐலெட்டின் என்றழைத்தனர். தீவு எனப் பொருள்படும் இலத்தீன் சொல்லிலிருந்து இன்சுலின் என்னும் பெயரை மெக்லியாட் தெரிவு செய்தார். அதே ஆண்டு ஆகஸ்டில் எலிசபெத் ஹியூஸ் டொரன்டோவுக்கு அழைத்துவரப்பட்டாள். பேண்டிங்கே அவளுக்கு மருத்துவம் பார்த்தார். சில வாரங்களில் அவள் வயிறார உண்டாள். எலும்புமேல் தசை படர்ந்தது.

தெரிந்து தெளிவோம்

உருமேனிய நாட்டு அறிஞர் நிக்கோலே பாலெஸ்கு, கணையச் சாறு நாய்களின் குருதிச் சர்க்கரையைக் குறைப்பதை 1921ஆம் ஆண்டிலேயே ஆய்ந்து வெளியிட்டிருந்தார். அவருடைய பணிக்கு உரிய இடம் அன்று வழங்கப்படவில்லை.

ஒரு டாலர் விலை

இன்சுலினுக்குக் காப்புரிமை பெற வேண்டிய நிலை வந்தது. உயிர்காக்கும் மருந்தின்மீது மருத்துவர் உரிமை கொண்டாடுவது மருத்துவ உறுதிமொழிக்கு ஒவ்வாதது என்று கருதிய பேண்டிங், முதலில் தம் பெயரைச் சேர்க்கவே உடன்படவில்லை. பின்னர் சட்ட ஆலோசனையின்படி அவர் பெயரும் சேர்க்கப்பட்டது. 1923 ஜனவரியில் பேண்டிங், பெஸ்ட், காலிப் மூவருக்கும் கிடைத்த அமெரிக்கக் காப்புரிமையை, ஆளுக்கு ஒரு டாலர் பெற்றுக்கொண்டு டொரன்டோ பல்கலைக்கழகத்திற்கு அவர்கள் அளித்துவிட்டனர். பெருஞ்செல்வத்தை ஈட்டித்தந்திருக்கக்கூடிய ஒரு பொருளுக்கு அவர்கள் மூவரும் பெற்ற மொத்த விலை மூன்று டாலர். மருந்தைத் தனியொருவர் கைப்பற்றி, பிறர் தயாரிக்க இயலாதவாறு செய்துவிடக் கூடாது என்பதே நோக்கம்.

1923ஆம் ஆண்டு மருத்துவத்திற்கான நோபல் பரிசு பேண்டிங்குக்கும் மெக்லியாடுக்கும் அறிவிக்கப்பட்டது. கனடாவுக்குக் கிட்டிய முதல் நோபல் பரிசு அது. பேண்டிங்குக்கு அப்போது வயது 31. மருத்துவத்தில் இப்பரிசைப் பெற்றவர்களுள் இன்றளவும் அவரே மிக இளையவர். ஆயினும், அவர் மகிழவில்லை, சினந்தார். நாயைக் குளிப்பாட்டிச் சோதனைக் குழாய் கழுவிய நாள் முதலாக உடனிருந்த பெஸ்ட் விடுபட்டிருந்தார். பரிசை ஏற்க மறுக்கவும் எண்ணிய பேண்டிங், நண்பர்களின் அறிவுரையால் ஏற்று, தம் பங்குத் தொகையில் பாதியைப் பெஸ்ட்டுக்கு அளித்தார். மெக்லியாட் தம் பங்கில் பாதியைக் காலிப்புக்கு அளித்தார். பரிசுக் குழு இருவருக்குக் கொடுத்ததை நால்வர் பகிர்ந்துகொண்டனர்.

இறுதிப் பயணம்

புகழ் அவருக்குச் சுமையாகவே இருந்தது. கனடா அரசு வாழ்நாள் உதவித்தொகை வழங்கியது. 1934இல் சர் பட்டம் கிடைத்தது. ஒவ்வொரு நாளும் இன்னொரு பெரிய கண்டுபிடிப்பை அவரிடம் உலகம் எதிர்பார்த்தது. புற்றுநோய் முதலியவற்றை ஆய்ந்தும் இன்சுலினுக்கு நிகரான ஒன்று அவர் கையில் அகப்படவில்லை. ஓவியத்தில் அவர் அமைதி தேடினார். ஏ. ஒய். ஜாக்சன் என்னும் புகழ்பெற்ற ஓவியருடன் 1927இல் ஆர்க்டிக் பகுதிக்குச் சென்று பனிவெளிகளைத் தீட்டினார்.

இரண்டாம் உலகப் போரில், வானூர்தி ஓட்டுநர்களின் உடல்நலம் குறித்த ஆய்வுகளை ஒருங்கிணைக்கும் பொறுப்பை ஏற்றார். 1941 பிப்ரவரியில் இங்கிலாந்துக்குப் புறப்படுமுன், மாண்ட்ரியல் நகரில் ஓர் இரவு நெடுநேரம் ஒரு நண்பருடன் உரையாடிக்கொண்டிருந்தார். அந்த நண்பர், முன்பொருகால் அவர் தாக்கிய ஜேம்ஸ் காலிப்தான். பிப்ரவரி 20ஆம் நாள் இரவு நியூபவுண்ட்லாந்திலிருந்து எழும்பிய வானூர்தி இயந்திரப் பழுதால் பனிக்காட்டில் வீழ்ந்தது. படுகாயமுற்ற பேண்டிங் மறுநாள் உயிர்நீத்தார். ஐம்பது வயது நிறையவில்லை.

ஊசியிலிருந்து பம்புவரை

பேண்டிங் தந்தது உயிர் காக்கும் மருந்து; நோயை நீக்கும் மருந்தன்று. இதனை அவரே நன்கறிந்திருந்தார். எலிசபெத் ஹியூஸ் 1981ஆம் ஆண்டு வரை வாழ்ந்து, தம் வாழ்நாளில் ஏறத்தாழ 42,000 ஊசிகள் போட்டுக்கொண்டார். கொதிநீரிலிட்ட கண்ணாடி ஊசிக்குழலும் அடிக்கடி தீட்டிக் கூர்மையாக்க வேண்டிய ஊசியுமே தொடக்கக்காலத்துக் கருவிகள்.

வலியைவிடப் பெரிய சிக்கல் ஒன்றும் இருந்தது. நலமான கணையம், இன்சுலினை இரவும் பகலும் சிறிது சிறிதாகச் சுரந்துகொண்டே இருக்கும், உணவு உண்டதும் மிகுதியாகச் சுரக்கும், ஓடும்போது குறைக்கும். ஊசியோ குறித்த அளவை ஒரே முறையில் உள்ளே தள்ளிவிடுகிறது. தள்ளியதைத் திரும்ப எடுக்க முடியாது. அளவு குறைந்தால் சர்க்கரை ஏறி, நாளடைவில் கண்ணையும் சிறுநீரகத்தையும் நரம்பையும் கெடுக்கும். மிகுந்தால் சர்க்கரை தாழ்ந்து, வியர்வையும் நடுக்கமும் மயக்கமும் உண்டாகும். எனவே, பசித்தபோது உண்பது போய், ஊசிக்கேற்ப உண்பதே வாழ்க்கையாயிற்று. நெடுநேரம் செயல்படும் இன்சுலின் 1936இல் உருவாக்கப்பட்டபோது ஊசிகளின் எண்ணிக்கை குறைந்தது. கணையத்தின் தாளம் மட்டும் கைவரவில்லை.

அத்தாளத்தைப் பின்பற்றும் முயற்சியே இன்சுலின் பம்பு. 1960களின் தொடக்கத்தில் அமெரிக்க மருத்துவர் ஆர்னால்டு கடிஷ் அமைத்த முன்மாதிரி, முதுகில் சுமக்கும் மூட்டை அளவு இருந்தது. 1978இல் இங்கிலாந்தின் லண்டன் நகரக் கைஸ் மருத்துவமனை ஆய்வாளர்கள், சிறு பம்பு ஒன்றினால் தோலுக்கடியில் இடைவிடாது இன்சுலின் செலுத்திச் சர்க்கரையைச் சீராக வைக்க இயலும் என நிறுவினர்.

இன்றைய பம்பு உள்ளங்கையில் அடங்கும். அதனுள் விரைந்து செயல்படும் இன்சுலின் நிரப்பிய சிறு குப்பி இருக்கும். மெல்லிய குழாய் ஒன்று, வயிற்றுத் தோலுக்கடியில் செருகிய மென்மையான நுண்குழலுடன் அதனை இணைக்கும். குழாயே இன்றி உடலில் ஒட்டிக்கொள்ளும் வகையும் உண்டு. மணிக்கு இவ்வளவு என்று வகுத்த சிற்றளவு, நாள்முழுதும் தானாகச் சொட்டிக்கொண்டிருக்கும். விடியற்காலையில் உடலின் பிற ஹார்மோன்களால் சிலருக்குச் சர்க்கரை உயரும். அந்நேரத்திற்கு மட்டும் அளவைக் கூட்டி வைக்கலாம். விளையாட்டுக்குமுன் குறைக்கலாம். உணவு வேளையில், இரண்டு இட்லி உண்பதா நான்கு உண்பதா என்பதற்கேற்ப மாவுச்சத்தைக் கணக்கிட்டுப் பொத்தானை அழுத்தினால் உரிய கூடுதல் அளவு செல்லும். நாளொன்றுக்கு நான்கைந்து ஊசிகளுக்கு மாற்றாக, இரண்டு மூன்று நாள்களுக்கு ஒருமுறை நுண்குழலை மாற்றினால் போதும். சில நிமிடங்களுக்கு ஒருமுறை சர்க்கரையை அளக்கும் உணரியுடன் பம்பை இணைத்து, இடைப்பட்ட வேளைகளில் பம்பே அளவைக் கூட்டிக் குறைத்துக்கொள்ளும் அமைப்பும் இப்போது உள்ளது. அத்தகைய முதல் கருவிக்கு 2016இல் அமெரிக்க அரசு ஒப்புதல் அளித்தது. தூக்கத்தில் பிள்ளையின் சர்க்கரை தாழ்ந்துவிடுமோ என்று நள்ளிரவில் எழுந்து விரல்நுனியில் குத்திப் பார்த்த பெற்றோருக்கு அதன் அருமை தெரியும்.

பம்பு அணிந்தால் கவனம் தேவையில்லை என்பதன்று. குழாய் அடைபட்டாலோ கழன்றாலோ, உடலில் நெடுநேர இன்சுலின் இருப்பு இல்லாமையால், சில மணி நேரத்திலேயே குருதியில் அமிலம் பெருகி உயிருக்குத் தீங்கு நேரும். எனவே, அணிபவர் சர்க்கரையைக் கண்காணித்துக்கொண்டே இருக்க வேண்டும். மாற்று ஊசியையும் உடன் வைத்திருக்க வேண்டும். உண்ணும் உணவைக் கணக்கிடும் பொறுப்பும் அவருடையதே. விலையோ மிகுதி. மூவரும் ஆளுக்கு ஒரு டாலருக்குக் கொடுத்துவிட்ட மருந்தை உடலுக்குள் சொட்டவிடும் இக்கருவி, எளிய குடும்பங்கள் பலவற்றுக்கு இன்னும் எட்டவில்லை. உலகின் சில பகுதிகளில் அம்மருந்தேகூட எல்லாருக்கும் தடையின்றிக் கிடைப்பதில்லை.

நம் நாட்டில் குழந்தைகள் நாளாகக் கொண்டாடப்படும் நவம்பர் 14, பேண்டிங் பிறந்த நாளாதலால், உலக நீரிழிவு நாளாகவும் கடைப்பிடிக்கப்படுகிறது. இரவு இரண்டு மணிக்கு அவர் குறிப்பெழுதிய லண்டன் நகர வீடு இன்று அருங்காட்சியகமாக உள்ளது. அதன் வளாகத்தில் 1989ஆம் ஆண்டு ஒரு சுடர் ஏற்றப்பட்டது. நீரிழிவை முற்றிலும் நீக்கும் மருத்துவம் கண்டறியப்படும் நாளில்தான் அதனை அணைப்பது என்று முடிவு செய்துள்ளனர். அச்சுடர் இன்னும் எரிகிறது.